பரணிலிருந்து விழுந்த சாமான் என்ன கருவி என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து எதற்கென்றே தெரியாத ஒரு சாமான் கிடைத்தால் நம் ஆட்கள் முதலில் தேடுவது புளியைத்தான். தயவுசெய்து தேய்க்காதீர்கள். ஒட்டியிருப்பது சுண்ணாம்பா, கரியா, காய்ந்த மாவா, எண்ணெய்ப் பிசுக்கா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும், அதைக் கழுவி ஊற்றிவிட்டு அப்புறம் யோசித்து என்ன பயன்? உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடையுங்கள்.

அடுத்து, கையில் பிடித்துப் பாருங்கள். கை பட்ட இடம் வழவழப்பாக இருக்கும், வேலை செய்த இடம் தேய்ந்தோ கீறல் விழுந்தோ இருக்கும். கத்தரி மாதிரி இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம்தான் கூர், மறுபக்கம் மொட்டை என்றால் அநேகமாகப் பாக்குவெட்டி. ஒரு முனை ஊசி, மறுமுனையில் குட்டிக் கத்தி என்றால் எழுத்தாணியாக இருக்கலாம், ஓலையை நறுக்கவும் அதே கருவிதான்.

எங்கள் வீட்டில் கிடைத்தது ஒரு கம்பு. ஒரு முனை பருத்து, மறுமுனை மெலிந்து, மெலிந்த முனையில் ஓட்டை, மேலே குறுக்காகப் பித்தளைக் கோடுகள். மாடு ஓட்டும் கம்பு என்றார் சித்தப்பா, அளவுகோல் என்றாள் அத்தை. அளவுகோலில் கோடுகள் சம இடைவெளியில் இருக்க வேண்டாமா? இதில் ஓட்டைப் பக்கம் போகப் போக நெருங்கிக்கொண்டே வந்தன, விடையும் அதில்தான் இருந்தது. அது வெள்ளிக்கோல், அதாவது எடை போடும் கோல். ஓட்டையில் தட்டைத் தொங்கவிட்டு, கோலை ஒரு கயிற்று வளையத்தில் தூக்கி, சமமாக நிற்கும்வரை கயிற்றை நகர்த்துவார்கள். பருத்த முனையே எடைக்கல். சரக்கு கூடக்கூடக் கயிறு தட்டை நோக்கி நகரும், ஆனால் நகரும் தூரம் குறைந்துகொண்டே போகும், கோடுகள் நெருங்குவது அதனால்தான். தட்டும் கயிறும் தொலைந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கம்பு. ஆகவே ஓட்டை, குழி, கொக்கி எதைப் பார்த்தாலும் இங்கே என்ன மாட்டியிருந்தது என்று கேளுங்கள்.

காலம் தெரிய வேண்டுமா? டார்ச்சைச் சாய்த்து அடித்து எழுத்து தேடுங்கள். ‘மேட் இன் ஜெர்மனி’ மாதிரி நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பிரிட்டனின் 1887 சட்டத்துக்குப் பிறகுதான் பரவியது. ‘ஆர்.டி. நம்பர்’ என்று இருந்தால் 1884 முதல் பிரிட்டனில் கொடுத்த வடிவப் பதிவெண். துருப்பிடிக்காத எஃகு 1913-க்குப் பிறகு, பிளஸ் தலை ஸ்குரூ 1930-களுக்குப் பிறகு (இடையில் யாரோ ரிப்பேர் செய்து மாட்டியதாகவும் இருக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள்). பித்தளை போல மின்னுவதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்.

பக்கத்தில் ஸ்கேல் வைத்து, அசையும் பாகத்தைத் திறந்தும் மூடியும், எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். போன் தேடலில் வருவது வெறும் ஊகம்தான், அதைவிட ஒரு வயதான ஆசாரியிடமோ கொல்லரிடமோ காட்டுவது மேல். ‘இது பாக்குவெட்டிதானே?’ என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள், ‘இது என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் பக்கம் போனால் பழைய வீடுகளையும் அங்கே புழங்கிய பொருட்களையும் பார்த்து ஒப்பிடலாம்.

நூறு வருடத்துக்கு மேல் பழையது என்று தெரிந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனையை விடுங்கள், 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். பரணில் இல்லாமல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததென்றால் இன்னொரு சட்டம் இருக்கிறது, 1878-இல் போட்டது: மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.