கடைக்கு றாக்கை அடிப்பதற்கு முன்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சிறிய கடைகளுக்கு றாக்கை, கண்ணாடி அலுமாரி, கவுண்டர் செய்து கொடுப்பது என் தொழில். புதிதாகக் கடை எடுப்பவர்கள் முதலில் கேட்பது, "அண்ணை, அடிக்கு என்ன வரும்?" என்பதுதான். விலை சொல்வதற்கு முன் அவர்களை றோட்டுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

காலி வீதி வெள்ளவத்தையில் ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. கடற்பக்கத்துக் கடைகள் கிழக்குப் பார்த்தவை, எதிர்ப்பக்கத்தவை மேற்குப் பார்த்தவை. உடுப்பு வாங்க ஆட்கள் கிளம்புவது வேலை விட்ட பிறகு, பின்னேரத்தில். மேற்குப் பார்த்த கடைக்கு வெயில் நேராக முகத்தில் அடிப்பதும் அதே நேரம்தான். வெளி வெளிச்சம் உள் வெளிச்சத்தைவிடக் கூடினால் முன்கண்ணாடி நிலைக்கண்ணாடி ஆகிவிடும். பொம்மைக்கு நீங்கள் கட்டிவிட்ட காஞ்சிபுரத்தைவிட, எதிரே போகிற பஸ்தான் அதில் நன்றாகத் தெரியும். அப்படியான கடைக்கு கன்வஸ் சாய்ப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். நடைபாதைக்கு மேலே நீட்டுவதென்றால் முதலில் மாநகர சபையில் விசாரியுங்கள். பொம்மைக்குப் பின்னால் வரும் பலகையை வெளிர் நிறத்தில் வையுங்கள். கறுப்பும் கடும் சிவப்பும் கண்ணாடியில் வெளி உருவத்தை இன்னும் அழுத்தமாகக் காட்டும். வெயில் படும் இடத்தில் பட்டுத்துணியைத் தொங்கவிட்டால் நிறம் வெளுக்கும். பருத்திக்கும் அது நடக்கும், ஆனால் நட்டம் குறைவு.

அடுத்தது வாசல். பெக்கோ அண்டர்ஹில் என்ற அமெரிக்கர் கடைகளில் ஆட்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கமெரா வைத்தே ஆராய்ந்தவர். வாசலைத் தாண்டிய முதல் சில அடிகளில் வைத்த சாமானை ஆட்கள் பார்ப்பதே இல்லை என்கிறார். கொழும்பில் இது இன்னும் கூடவே பொருந்தும். வெயிலிலிருந்து வந்தவருக்குக் கண் தெளியக் கொஞ்ச நேரம் வேண்டும். வேர்வையைத் துடைக்க வேண்டும், மழை என்றால் குடையை மடக்க வேண்டும், மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் "என்ன வேணும்?" என்று பொடியன் முன்னால் போய் நின்றால், "சும்மா பாக்க வந்தது" என்ற பதில்தான் வரும். பத்தடி அகலக் கடையில் மூன்றடியைச் சும்மா விடுவதா, வாடகை என்ன தெரியுமா என்று முதலாளிமார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். விடத்தான் வேண்டும். அந்த மூன்றடியில் கால்மிதி, குடைக்கு ஒரு வாளி, மேலே ஒரு மின்விசிறி இருந்தால் போதும். மலிவு விலைக் கூடையை அதைத் தாண்டி வையுங்கள், கை அங்கேதான் முதலில் நீளும்.

நடக்கிற இடத்தின் அகலம்தான் நான் விட்டுக்கொடுக்காத விஷயம். நியூயோர்க்கில் புளூமிங்டேல்ஸ் கடை வாசலருகே டை தொங்கிய ஒரு ஸ்டாண்டை அண்டர்ஹில் கவனித்தார். நின்று பார்ப்பவர்களைப் போகிறவர் வருகிறவர் பின்னாலிருந்து உரச, அவர்கள் தெரிவை விட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஸ்டாண்டை ஒதுக்குப்புறமாக மாற்றியதும் விற்பனை கூடியது. நம் கடைகளில் தோளில் ஒரு பை, கையில் ஒரு பிள்ளை, கூடவே அம்மா என்று வருகிறார்கள். ஒருவர் போக மூன்றடி, இருவர் விலகிப் போக நான்கடி. அதற்குக் குறைந்தால் ஒரு வரிசை றாக்கையையே எடுத்துவிடுங்கள், எனக்கு வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை. பெண்களின் உள்ளாடைப் பகுதியை நடுவழியில் வைக்காதீர்கள். மற்றவர்கள் கடந்து போகத் தேவையில்லாத மூலையில், வீதியிலிருந்து தெரியாதபடி, பெண் பிள்ளை ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும்.

அப்போ புறக்கோட்டை? மெயின் வீதியில் இடித்துக்கொண்டுதானே சனம் வாங்குகிறது என்பீர்கள். அங்கே நெரிசலும் குவியலும் "இங்கே மலிவு" என்று சொல்கின்றன. சனம் அதற்கென்றே பஸ் ஏறிப் போகிறது. வெள்ளவத்தையில் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டால் கதை தலைகீழ்: நடைபாதையில் நிற்பவர், "உள்ளே விலை கூடவாக இருக்கும்" என்று நினைத்து அப்படியே போய்விடுவார். ஏசி போடுங்கள், ஆனால் கண்ணாடியோடு நிற்கும் நான்கைந்து சாமான்களுக்கு விலையைப் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். விலைச்சீட்டு இல்லாத கடைக்குள் கேட்க வெட்கப்பட்டே நுழையாதவர்கள் நிறையப் பேர்.

எடுத்துக் கொடுப்பதா, எடுக்க விடுவதா என்பதை அடுத்துத் தீர்மானியுங்கள். 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி என்ற கடையைத் திறக்கும்வரை பலசரக்கு என்றால் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் எடுத்துத் தருவதுதான் வழக்கம். கையால் தொட்டு எடுக்க விட்டால் ஆட்கள் நினைக்காத சாமானையும் எடுப்பார்கள் என்பதை அந்தக் கடை காட்டியது. பிஸ்கட், சவர்க்காரம், மசாலைத் தூளுக்கு இது சரி. பட்டுச்சாறிக்குச் சரிவராது; விரித்துக் காட்ட ஆள் வேண்டும், விரிக்கக் குறைந்தது ஆறடிக் கவுண்டர் வேண்டும்.

பலசரக்குக் கடைக்காரர்கள் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளைப் பார்த்துப் பாலையும் பாணையும் கடைசிச் சுவருக்குக் கொண்டு போகிறார்கள். கடை முழுவதையும் நடக்க வைக்கும் உபாயம் அது. காலி வீதியில் ஓட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு ஓடி வருபவரிடம் அது எடுபடாது. பாண், பால்மா, முட்டை, போன் ரீலோட் எல்லாம் வாசலோடு இருக்கட்டும். மாதச் சாமான் வாங்க ஆறுதலாக வருபவருக்குத்தான் உள்பக்கம். கருவாட்டையும் தேயிலையையும் ஒரே றாக்கையில் வைக்க வேண்டாம், தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். உயரத்தைப் பொறுத்தவரை, ஐந்தடிப் பெண்ணின் கண் நாலே முக்கால் அடிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். அதிலிருந்து இடுப்புவரை உள்ள தட்டுகள்தான் உங்களுக்குக் காசு தருபவை. ஆறடிக்கு மேலே கையிருப்புப் பெட்டிகளைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

விளக்கு. மாமிமார் சாறியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, கடை விளக்கில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லாததால்தான். மலிவான நீல வெள்ளை விளக்கில் அரக்கு நிறம் மண்ணிறமாகத் தெரியும். விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், அது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு. 100 உச்சம். துணிக்கு 90க்கு மேல் கேளுங்கள். வெளிச்சம் மஞ்சளா நீலமா என்பதைச் சொல்வது கெல்வின் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்; துணிக்கு 4000 கெல்வின் போதும். செட்டியார் தெருப் பக்கம் நகைக்கடை போடுபவர் தங்கத்துக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போடலாம், ஆனால் அதே விளக்கின் கீழ் வெள்ளியையும் வைரத்தையும் வைத்தால் மங்கிப்போகும். உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறையில் கூரை விளக்கு மட்டும் வைக்கவே வேண்டாம். அது கண்ணுக்குக் கீழே நிழல் விழுத்தும், ஆளுக்குத் தன் முகமே பிடிக்காமல் போகும், உடுப்பும் திரும்பி றாக்கைக்கு வரும். கண்ணாடியின் இரண்டு பக்கத்திலும் விளக்கு வையுங்கள்.

கதிரை இரண்டு போடுங்கள். கூட வந்த கணவனோ அம்மாவோ களைத்துப்போனால் வாங்க வந்தவரும் கிளம்பிவிடுவார். கதிரை வாசலைப் பார்க்காமல் நிலைக்கண்ணாடியைப் பார்க்கட்டும். அபிப்பிராயம் கேட்கப்படுபவர் அவர்தானே.

காசாளர் மேசைக்கு வந்தால் வாஸ்து வரும். கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்பார்கள். அதை மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்குவதில்லை. கடற்பக்கத்துக் கடை என்றால் சுகம்: பின்சுவரோடு கிழக்குப் பார்த்து இருந்தால் வாசல் நேர் எதிரே. எதிர்ப்பக்கத்துக் கடையில் கிழக்குப் பார்த்தால் முதுகு வாசலுக்கு வந்துவிடும், அது கள்வனுக்கு வசதி. அங்கே உள்ளே வருபவரின் வலப்பக்கச் சுவரோடு, வடக்குப் பார்த்து மேசையைப் போடுங்கள். வாசல் இடக்கைப் பக்கம் தெரியும், சாஸ்திரமும் கெடாது. சாமி படத்துக்குத் தட்டு அடிக்கும்போது விளக்குப் புகை துணிக்குப் படாத இடமாகப் பாருங்கள்.

பாட்டு விஷயத்தில் எனக்கு ரேடியோ பிடிக்காது. விளம்பரம் கத்தும், மணிக்கொரு செய்தி வந்து "நேரமாச்சு" என்று நினைவூட்டும். 1982இல் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க சூப்பர்மார்க்கெட் ஒன்றில் வேக இசையைவிட மெதுவான இசை ஒலித்த நாட்களில் விற்பனை 38 சதவீதம் அளவு கூடவாக இருந்தது. பாட்டு வரி இல்லாத வாத்திய இசை அது. வீணை, புல்லாங்குழல் எதுவானாலும், பக்கத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய சத்தத்தில் வையுங்கள். ஊதுபத்தியைக் கடை திறக்கும்போது கொளுத்தினால் போதும். பூச்சி உருண்டை வாசத்தோடு அது கலந்தால் தலையிடிதான்.

இவ்வளவும் காகிதத்தில் கீறியான பிறகும் என்னை உடனே கூப்பிடாதீர்கள். வெறும் காட்போட் பெட்டிகளை றாக்கை உயரத்துக்கு அடுக்கி, தரையில் சோக்கால் கோடு போட்டு, வீட்டாட்களை நடக்க விடுங்கள். எங்கே உரசுகிறார்கள், எந்த மூலைக்குப் போகவே இல்லை என்று பாருங்கள். பெட்டியை நகர்த்தக் காசு இல்லை. அப்புறம் அடிக்கும்போது தட்டுகளை ஏற்றி இறக்கக்கூடிய கொழுவியில் போடச் சொல்லுங்கள். கடலோரத்து மெரைன் டிரைவுக்குக் கிட்டவென்றால் வெறும் இரும்பு வேண்டாம், கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை வைக்கும். சிப்போட் ஈரத்தில் ஊதும், பிளைவுட் நல்லது. தீபாவளி வியாபாரத்துக்கு வேண்டுமென்றால் புரட்டாதி பிறந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசியில் எல்லாக் கடைக்காரரும் ஒரே கிழமையில்தான் போன் எடுப்பார்கள்.