பதுளைப் பக்கம் வைன் திராட்சை வைக்கிறவங்களே, நான் பண்ணின தப்ப நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் ஹாலிஎல பக்கத்துத் தம்பி ஒருத்தர் போட்டோ அனுப்பினாரு, "அண்ணே, புது வகை எல்லாமே கருகுது, இந்த ஊருக்குச் சரிவராது போல, புடுங்கிறவா?"ன்னு. பெருசாக்கிப் பாத்தேன். பூ மேல இருக்கிற சின்னப் பச்சைத் தொப்பி கழண்டு விழாம, மழையில ஊறி அப்புடியே ஒட்டிப்போய், குலை பூரா தேயிலைத் தூள் கொட்டின மாதிரி பழுப்பா கிடக்கு. எப்ப கவ்வாத்து பண்ணுனீங்கன்னு கேட்டா ஒக்டோபராம். கோவம் அவர் மேல வரல, என் மேலதான் வந்துச்சு.

தண்ணி, உரம், பந்தல் பத்தி எல்லாம் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும்.

நாசிக் காலண்டர்

யூடியூப்ல வர்ற வைன் திராட்சை வீடியோ முக்கால்வாசி இந்தியாவுல இருக்கிற நாசிக்தான். அங்க ஏப்ரல்ல ஒரு கவ்வாத்து, அது கிளை வளக்க. செப்டெம்பர் ஒக்டோபர்ல இன்னொண்ணு, அது காய்க்க. ஜனவரிக்கு மேல அறுவடை. அவங்களுக்கு அந்த மாசமெல்லாம் காஞ்சு கிடக்கும். நமக்கு ஒக்டோபர்ல இடி மழை தொடங்கி வடகீழ் பருவமழையோட சேந்து ஜனவரி வரைக்கும் ஊத்தும், அதுல பூ பூத்தா இலைக்கு அடியில வெள்ளைப் பூஞ்சாணம் வராம என்ன செய்யும்?

இங்க கொடி தூங்குறதுக்கு பனிக்காலம் கிடையாது. கத்தி வைக்கிற நாள்தான் கொடிக்குத் தைப்பொங்கல், அன்னைக்கு இருந்துதான் அது நாள் எண்ணத் தொடங்கும். வகை நல்லதா கெட்டதான்னு பாக்குறதுக்கு முன்னால இதப் பாக்கணும்.

நானும் முதல் வருஷம் ஒக்டோபர்ல வெட்டி எல்லாத்தையும் அழுக விட்டவன்தான். சரி, அடுத்த வருஷம் புத்தி வந்துருச்சுன்னு நினைச்சு ஜூன் முதல் வாரம் எல்லா வகையையும் ஒரே நாள்ல வெட்டிப்புட்டேன். டெம்ப்ரனியோங்கிற வைன் வகைக்கு என் தோட்டத்துல வெட்டினதுல இருந்து பழுக்க 105 நாள் (ஸ்பானிஷ்ல அந்தப் பேருக்கே சீக்கிரம்னுதான் அர்த்தம்), செப்டெம்பர் நடுவுல ஜம்முன்னு அறுத்தாச்சு. முர்வேத்ர் பிந்திப் பழுக்கிற சாதி, 135 நாள் ஆகும், அதாவது ஒக்டோபர் நடுவுல, சரியா மழைக்குள்ள. பழம் வெடிச்சு, வெடிப்புல பூசணம் ஏறி, தோட்டமே காடி நாத்தம். இது உதவாத சாதின்னு முடிவு கட்டி 18 கொடியையும் நானே மம்பட்டி எடுத்துத் தோண்டி எறிஞ்சேன், பொண்டாட்டி வேணாம்னு சொல்லச் சொல்ல.

வேலியோரம் கொடித்தோடை மூடியிருந்ததால ரெண்டு தப்பிச்சுது. அத அடுத்த வருஷம் சித்திரை வருஷம் முடிஞ்ச கையோட வெட்டினேன். மே கடைசியில பூ, ஓகஸ்ட் கடைசியில பழம், ஊவா சீசன் தேயிலைக்கு வாசம் குடுக்கிற அதே காஞ்ச காத்துல பழுத்துச்சு. 22 பிரிக்ஸ் (சாறுல இருக்கிற சீனி அளவு) வந்தும் புளிப்பு நின்னுச்சு. சூட்டு ஊருக்கு நான் தேடின கொடியே அதுதான். அந்த 18 குழி இப்பவும் கண்ணுல குத்துது.

இப்ப நாசிக்கத் தலைகீழாக் கவுத்து வைச்சிருக்கேன். ஒக்டோபர்ல கிளைக்கு வெட்டு, அதுல வர்ற பூவ கிள்ளி எறிஞ்சிடுவேன். காய்ப்புக்கு பிந்துற வகைய ஏப்ரல் நடுவுல, முந்துற வகைய மே நடுவுல. எல்லாம் ஓகஸ்ட் கடைசியிலதான் பழுக்கணும், அங்க இருந்து பின்னால எண்ணி வாங்க. சித்திரை மழைக்கு இளந்தளிர்ல செம்பு மருந்து அடிக்கத்தான் வேணும், தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிச்சுப் பழகின கைதானே.

இனிப்ப மட்டும் அளக்கிறது

சூட்டுல சீனி ஓடி ஏறும், புளிப்புக் குடுக்கிற மாலிக் அமிலம் அதவிட வேகமா இறங்கும். பீஎச் (புளிப்புக் கணக்கு) பாக்காம 24 பிரிக்ஸ்னு பெருமையடிக்காதீங்க. விதையக் கடிச்சும் பாருங்க, பச்சையா இருந்தா இன்னும் நாள் கிடக்கு.

வெளிநாட்டுல இருந்து பைக்குள்ள தண்டு ஒளிச்சுக் கொண்டு வர்றது

வேணாம். இறக்குமதி பெர்மிட் எடுங்க. 1860கள்ல பிரான்ஸுக்குள்ள வேரை உறிஞ்சிக் கொடியக் கொல்ற ஃபிலொக்செரா பூச்சி அமெரிக்கக் கொடியோடதான் போச்சு.

மொட்டு முழிக்கிற மருந்து

ஹைட்ரஜன் சயனமைட். கையுறை இல்லாம தொடாதீங்க, பூசுற நாள்லயும் அதுக்கு முன்னப் பின்னையும் ஒரு சொட்டு சாராயம் கூடாது.

பழைய வகை இல்லாம வைக்கிறது

பக்கத்துல நம்ம நாட்டுல பழகின திராட்சை வகை இஸ்ரேல் புளூ ரெண்டு இருக்கட்டும். அதுவும் அழுகினா குத்தம் வகையில இல்ல.

பேர்

வகையோட பேர அலுமினியத் தகட்டுல ஆணியால கீறிக் கொடியில கட்டுங்க. மார்க்கர் ஒரு மழைக்குத் தாங்காது.