தினம் ஒரு படம்: டிரைபாடு வேண்டாம், கிரிட் போதும்

தினமும் ஒரே காட்சியைப் படம் எடுக்கிறீர்களா? போன் கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை (திரையில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் கட்டக் கோடுகள்) ஆன் செய்துவிட்டு, அசையாத இரண்டு பொருள்களை எப்போதும் அதே கோடுகளில் உட்கார வையுங்கள். ஒன்று கிட்டத்தில் இருக்கட்டும், ஒன்று தூரத்தில். கிருஷ்ணகிரி மொட்டை மாடி என்றால் சையத் பாஷா மலை உச்சி மேல்கோட்டில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு இடதுகோட்டில். நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு பொட்டு. சாக்பீஸ் ஒரு மழைக்குத் தாங்காது.

ஓரடி தள்ளி நின்றாலும் கிட்டத்துப் பொருள் சட்டென்று நகரும், மலை நகராது. இரண்டும் ஒன்றாகப் பொருந்தினால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு படங்களை வீடியோவாகக் கோத்தால் காட்சி அதிகம் குலுங்காது, ஒவ்வொன்றாக வெட்டிச் சரிசெய்யும் வேலையும் மிச்சம்.

காலை வெளிச்சம் ஒரே மாதிரி வேண்டுமென்றால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நம் பக்கம் ஜூனுக்கும் ஜனவரிக்கும் சூரிய உதயம் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும். உதயத்திலிருந்து இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாமரம் பூவிலிருந்து காய்க்கு வருவதைத் தொடர்ந்து எடுக்க இது அருமையாக உதவும். ஆனால் பூங்கொத்தை நெருக்கமாக எடுக்க உதவாது, காற்றில் கிளையே ஆடும். தினம் ஒரு புதுக் காட்சி தேடுபவர்களுக்கும் இது தேவையில்லை. நடுவில் போனை மாற்றினால் லென்ஸின் அகலம் மாறும், அப்போது பொட்டைப் புதிதாக வைக்க வேண்டியதுதான்.