மலையகத்து மூத்தோருக்கு ஏற்ற எளிய கைவேலைகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் பல்லாண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒருவரின் விரல்களுக்கு வேலைப் பழக்கம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதன்று. ஆனால் அதே விரல்கள்தாம் முதுமையில் காலை வேளைகளில் விறைத்து, மடக்க முடியாமல் வலிக்கின்றன. பெருவிரலின் அடிமூட்டு வீங்குகிறது. கண்ணில் வெண்புரை படர்ந்து நூலும் துணியும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. எனவே வீட்டிலுள்ள அப்பாயிக்கோ தாத்தாவுக்கோ ஒரு கைவேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, அது மூட்டுகளை வருத்தாததாகவும், செய்து முடித்தபின் வீட்டில் உண்மையாகவே புழங்கும் பொருளாகவும் இருக்க வேண்டும். பாலர் வகுப்புக்குரிய நிறந்தீட்டும் புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்காரவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு குடும்பத்தையே தாங்கிய கைகளுக்கு அது மரியாதையும் ஆகாது, சில நாட்களில் சலித்தும் போகும்.

வேலைக்கு முன் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். லயத்துக் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டு அறையின்) உட்புறத்தில் பகலிலும் வெளிச்சம் போதாது. ஆகவே இஸ்தோப்பில் (முன் திண்ணையில்), வெயில் ஏறிய முற்பகலில் அமர்வது நல்லது. நுவரெலியா, மஸ்கெலியாப் பக்கங்களில் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் ஊசிக்காது கண்ணுக்குத் தெரியாது, விரல்களும் குளிரில் மரத்துப்போகும். முதுகு சாயும் நாற்காலி, பாதம் முழுவதும் தரையில் படும் உயரம், முழங்கை மட்டத்தில் ஒரு மேசை ஆகிய மூன்றும் அமைந்தால் தோள்வலி பெருமளவு குறையும். தொடங்குமுன் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கைகளை வைத்திருந்தால் விறைப்புத் தளரும். ஆனால் நீரிழிவு உள்ள சிலருக்கு விரல்களில் சூடு தெரியாது என்பதால், நீரின் பதத்தை வேறொருவர் தொட்டுப் பார்த்த பின்பே கொடுக்க வேண்டும். கத்தரிக்கோலின் பிடியிலும் ஊசியின் பின்பகுதியிலும் துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை உதறி, எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

பழைய சேலையில் கால்மிதி

முதல் வேலையாக இதையே எடுத்துக்கொள்ளலாம். பசை, ஊசி எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம், பிசகினால் அவிழ்த்துவிடலாம். தலைமுடியை முப்புரியாகப் பின்னத் தெரியாத அம்மாயியும் இல்லை. மாடு வளர்த்துக் கயிறு திரித்த தாத்தாமாருக்கும் இது எளிதில் பிடிபடும்.

துவைத்துக் காய்ந்த பருத்திச் சேலையொன்றை எடுத்து, அதன் முந்தானை ஓரத்தில் மூன்று அங்குலத்துக்கு ஒரு வெட்டு வீதம் சிறிதாக வெட்டிக்கொண்டு, நீளவாக்கில் கிழிக்க வேண்டும். பருத்தி நேராகக் கிழியும். நைலெக்ஸ் போன்ற செயற்கை இழைச் சேலைகள் அப்படிக் கிழியா. வழுக்கி அவிழவும் செய்யும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். கிழிக்கும்போது நுண்பஞ்சு பறக்கும். மூச்சிரைப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் இளையவர் யாராவது முற்றத்தில் வைத்துக் கிழித்துக் கொடுக்கட்டும். முழுநீளப் பட்டை பின்னும்போது சிக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ நான்கு முழமாக வெட்டிக்கொள்ளலாம்.

மூன்று புரிகளுக்கும் ஒன்றோடொன்று தெளிவாக வேறுபடும் நிறங்களைத் தேர்ந்தெடுப்பது அவசியம். மஞ்சள், சிவப்பு, கருநீலம் என்று இருந்தால் அடுத்து எந்தப் புரியை மடிக்க வேண்டும் என்பது மங்கிய கண்ணுக்கும் புலப்படும். மூன்றின் நுனிகளையும் முடிச்சிட்டு, அமர்ந்திருப்பவரின் நெஞ்சுக்கு நேரான சன்னல் கம்பியில் கட்டிப் பின்னத் தொடங்கலாம். முதல் மூன்று பட்டைகளையும் வெவ்வேறு நீளத்தில் வைத்தால் ஒட்டுகள் ஒரே இடத்தில் விழுந்து புடைக்கமாட்டா. பட்டை தீரும்போது, அதன் நுனியிலும் புதிய பட்டையின் நுனியிலும் அரை அங்குலத் துளை ஒவ்வொன்று வெட்டி, புதியதன் துளையுள்ள நுனியைப் பழையதன் துளைக்குள் நுழைத்து, பிறகு புதியதன் மறுமுனையை அதன் சொந்தத் துளைக்குள் விட்டு இழுத்தால் முடிச்சில்லாமல் இணைந்துவிடும். இது கடினமாகத் தோன்றினால் நான்கு தையல் போட்டு இணைத்தாலும் குறைவில்லை. பின்னல் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் வீம்பாக இழுப்பார்கள். தளர்வாகப் பின்னினால்தான் மிதி மெத்தென்று இருக்கும், மணிக்கட்டும் பிழைக்கும்.

ஒன்றரை அடி அகலமுள்ள வட்ட மிதிக்கு ஏறத்தாழ எட்டு மீற்றர் பின்னல் வேண்டும். அதற்கு மூன்று நிறத் துணிகளும் சேர்ந்து ஒரு சேலையில் பாதியளவு இருந்தால் போதுமானது. பின்னலை மேசைமீது தட்டையாக வைத்து, நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டே, காது பெரிதான சாக்கு ஊசியாலும் தடித்த நூலாலும் பக்கத்துப் பக்கம் கோர்த்துத் தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் மிதி கிண்ணம்போல் குழிந்துவிடும். ஓரம் மேலெழும்பினால் சுற்றை இறுக்கி இழுத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். கடைசி இரண்டு, மூன்று சுற்றுகளைப் பிரித்துத் தளர்த்தித் தைத்தால் படிந்துவிடும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஈரச் சிமெந்துத் தரையில் வழுக்கும் கால்மிதி, முதியவரின் இடுப்பெலும்பை முறிக்கப் போதுமானது. அடிப்புறத்தில் பழைய டியூப் இறப்பரைப் பட்டைகளாக வெட்டித் தையுங்கள். நம் மேடு பள்ளத்தில் சைக்கிள் டியூப் கிடைப்பது அரிது. முச்சக்கரவண்டி திருத்துமிடத்தில் கேட்டால் கிடைக்கும். அதன் பிறகும் படிக்கட்டின்மீது இந்த மிதியைப் போட வேண்டாம்.

கம்பளி நூல் மாலை

சாமிப் படத்துக்குப் போடும் மாலை என்றால் மூத்தோர் தாமாகவே ஆர்வம் கொள்வர். மூன்று அங்குல அகல அட்டையில் (பால்மாப் பெட்டியின் அட்டை போதும்) மஞ்சள் அல்லது செம்மஞ்சள் கம்பளி நூலை ஐம்பது சுற்றுகள் சுற்றி, மெல்ல உருவியெடுத்து, நடுவில் வேறொரு நூலால் இறுகக் கட்டி, இருபுறத்து வளையங்களையும் வெட்டி உதறினால் செவ்வந்திப் பூவாக விரியும். வீங்கிய விரல்களிலேயே நூலைச் சுற்ற விடாதீர்கள், இரத்தவோட்டம் தடைப்படும். சுற்றுவதும் கோர்ப்பதும் பெரியவருக்கு, இறுக்கிக் கட்டுவதும் வெட்டுவதும் பேரப்பிள்ளைக்கு என்று பிரித்துக்கொண்டால் வேலை ஓடும். படத்தின் அளவைப் பொறுத்துப் பதினைந்து, இருபது பூக்கள் வேண்டியிருக்கும். கடையில் விற்கும் நூலில் பெரும்பகுதி செயற்கை இழை. எளிதில் தீப்பற்றி உருகும். விளக்குச் சுடருக்கு அருகே மாலை தொங்கக் கூடாது.

கண்டி, மாத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்னங்குருத்துத் தோரணம் இதனிலும் இயல்பானது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் குருத்தைக் கீழிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும்; திருவிழாக் காலத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இலை வாழ்த்து மடல்

தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தின் (தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தை இப்படித்தான் சொல்வோம்) இலை பன்னத்தைப்போல் (பெரணியைப்போல்) பிளவுபட்டு, அடிப்புறம் வெள்ளிநிறமாக இருக்கும். அதையும் சிறு பன்னங்களையும் பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி, தினமும் தாளை மாற்றினால் இரண்டு வாரமளவில் காய்ந்து தட்டையாகும். காலம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. அட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் இலை பூஞ்சணம் பிடிக்கும்; ஜனவரி முதல் மார்ச் வரை பொருத்தமானது. பதுளை, பண்டாரவளையினருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வசதி. காய்ந்த இலையைத் தடித்த தாளில் ஒட்டி, கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தீபாவளி மடலாக அனுப்பலாம்.

ஒட்டுவதற்குக் கடைப்பசை வேண்டாம். மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவைச் சிறிது குளிர்நீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் ஒரு கோப்பை நீரில் ஊற்றிக் கிளறினால் பசை ஆயத்தம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். இதே பசையால் செய்தித்தாளில் பைகளும் ஒட்டலாம். மடிப்பை நகத்தால் அழுத்தாமல் கரண்டியின் முதுகால் தேய்த்தால் விரல் நோகாது. தாளின் மை ஒட்டும் என்பதால் அப்பைகளில் வடை, பலகாரம் எதையும் வைக்க வேண்டாம். ஊசிநூல், விதை, சில்லறைச் சாமான்களுக்குப் பயன்படுத்தலாம்.

நினைவாற்றல் குன்றியவருக்கு முழு வேலையையும் விளக்க வேண்டியதில்லை. ஒரு படியை மட்டும் எதிரே அமர்ந்து செய்து காட்டுங்கள்: நூலைச் சுற்றுவது, பட்டைகளை நிறம்வாரியாகப் பிரிப்பது, தாளை மடிப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். பிசகாகச் செய்தால் அவர் கண்முன்னே பிரித்துத் திருத்தாமல், அடுத்த துண்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஊசியையும் கத்தரிக்கோலையும் எண்ணிக் கொடுத்து, எழுந்திருக்குமுன் எண்ணி வாங்கி டின்னில் பூட்டி வையுங்கள்.