ஷூட்டிங் என்றால் துப்பாக்கிச் சூடு: சினிமா ஆங்கிலத்தில் நாம் வழுக்கும் இடங்கள்

சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டும் தம்பி ஒருவன் என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வந்தான். வந்த முதல் நாளே ஒரு வழக்கோடுதான் வந்தான். அமெரிக்காவிலிருந்து வந்த கணவன் மனைவியைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போயிருக்கிறான். அன்றைக்குப் பார்த்து உள்ளே ஏதோ படத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்ததால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இவன் திரும்பி வந்து, "நோ என்ட்ரி டுடே சார், ஷூட்டிங் இன்சைட்" என்றிருக்கிறான். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஆட்டோவைப் பார்த்து நடந்துவிட்டார்.

"பின்னாலேயே ஓடுனேன் சார். டோன்ட் வொரி சார், இங்க அடிக்கடி ஷூட்டிங் நடக்கும், மதுரை பீப்பிள் லைக் ஷூட்டிங்னு சொன்னேன். இன்னும் வேகமா நடக்குறாங்க. நான் என்ன சார் தப்பாச் சொன்னேன்?"

இலக்கணப்படி அவன் பெரிதாகத் தப்பு ஒன்றும் செய்யவில்லை. அமெரிக்காவில் ஒரு இடத்தில் ஷூட்டிங் என்றால் அங்கே எவனோ துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்கிறான் என்றுதான் முதலில் காதில் விழும். அவர்கள் ஊர்ச் செய்திகளில் அந்தச் சொல் அப்படித்தான் வருகிறது. "தே ஆர் ஃபிலிமிங் இன்சைட்" என்று சொல்லியிருந்தால் அந்தத் தம்பதி செல்போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள். "ஃபிலிம் ஷூட்" என்றாலும் சரிதான். வெறும் ஷூட்டிங்கைத் தனியாக விட்டால்தான் வம்பு.

இத்தனை வருடம் பாடம் எடுத்ததில் ஒன்று புரிந்திருக்கிறது. சினிமா பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது நம் ஆட்களைக் கவிழ்ப்பது தெரியாத சொல் கிடையாது. தெரியாத சொல்லுக்கு யாரும் அகராதியைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பேசாமல் இருப்பார்கள். நன்றாகத் தெரியும் என்று நாம் நம்புகிற சொல்தான் காலை வாரும். சீன், டயலாக், கிளைமாக்ஸ், பால்கனி எல்லாம் ஆங்கிலத்தில் பிறந்து நம் வீட்டுக்கு வாழ வந்த சொற்கள். புகுந்த வீட்டுப் பழக்கத்துக்கு முழுசாக மாறிவிட்டன. அவற்றைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே அடையாளம் தெரிவதில்லை. மதுரைக்குள் பேசும்போது அவற்றை மாற்றவே வேண்டாம். வெளியாளிடம் பேசும்போதுதான் கவனம் வேண்டும்.

முதலில் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். நமக்கு தியேட்டர் என்றால் படம் ஓடுகிற இடம், சினிமா என்றால் படம். பிரிட்டிஷ்காரருக்கு தியேட்டர் என்றால் நாடகம் நடக்கும் அரங்கு, சினிமா என்றால் படம் ஓடுகிற கட்டடம். ஆகவே "ஐ சா எ சினிமா" என்று லண்டன்காரரிடம் சொன்னால், கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்ததாக ஆகிவிடும். "ஐ சா எ ஃபிலிம்" என்க வேண்டும். அமெரிக்கராக இருந்தால் "மூவி", போகும் இடம் "மூவி தியேட்டர்". இன்னொரு விஷயம்: ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பிரிட்டிஷ் டாக்டர் "ஐ வாஸ் இன் தியேட்டர் ஆல் மார்னிங்" என்றால் படம் பார்த்தீர்களா என்று கேட்டுவிடாதீர்கள். அது ஆபரேஷன் தியேட்டர். மதுரையில் இத்தனை ஆஸ்பத்திரி இருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

டாக்கீஸ் என்று கொட்டகைக்கே பெயர் வைத்தோம். ஆங்கிலத்தில் டாக்கி என்பது பேசும் படம். ஊமைப் படம் போய்க் குரல் வந்த காலத்துப் புதுச் சொல். படத்தின் பெயர் நம் ஊரில் கட்டடத்துக்கு ஏறிக்கொண்டது. ரயில்வே ஜங்ஷன் பக்கத்தில் விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் இருந்த ரீகல் டாக்கீஸில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை மதுரையில் இன்னும் இருக்கிறது. அவர்கள் வெளிநாட்டுக்காரரிடம் "தட் டாக்கீஸ் வாஸ் நியர் த ஸ்டேஷன்" என்று கதை சொன்னால் எதிராளி விழிப்பார்.

உள்ளே போய் உட்காரும் இடத்திலும் குழப்பம் உண்டு. 1952-இல் மதுரையில் தங்கம் தியேட்டர் வந்தபோது 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே சொல்லிக்கொண்டது. அந்தக் காலத்துக் கொட்டகைகளில் பால்கனி டிக்கெட் எடுத்தவர் வசதியானவர், தரை டிக்கெட் எடுத்தவர் நம்மைப் போன்றவர். லண்டனில் நாடகம் பார்க்கப் போய் அதே நினைப்பில் "பால்கனி, ப்ளீஸ்" என்று கேட்டால் நேரே உச்சாணிக் கொம்பில் ஏற்றிவிடுவார்கள். அங்கே தரைத்தளம் ஸ்டால்ஸ், அதற்கு மேல் டிரஸ் சர்க்கிள், அப்பர் சர்க்கிள். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையை ஒட்டி இருப்பதுதான் பால்கனி அல்லது கேலரி, பெரும்பாலும் அதுதான் மலிவு. அந்த இடத்துக்கு "த காட்ஸ்" என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. சாமிக்குப் பக்கத்தில் உட்காருகிறார்களாம். அமெரிக்காவில் தரைத்தள இருக்கைக்கு ஆர்கெஸ்ட்ரா என்று பெயர். டிக்கெட்டில் அப்படிப் போட்டிருந்தால் பாட்டுக் கச்சேரி என்று எண்ண வேண்டாம்.

தரை டிக்கெட்டுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை என்றும் நினைக்காதீர்கள். சேக்ஸ்பியர் காலத்து குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்துவிட்டு மேடைக்கு முன்னால் நின்றபடியே நாடகம் பார்த்தவர்களுக்கு கிரவுண்ட்லிங்ஸ் என்று பெயர். நம்மவர்களுக்காவது உட்கார மணல் இருந்தது.

காட்சி நேரத்தைச் சொல்லும்போது பொழுதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நமக்கு ஃபர்ஸ்ட் ஷோ சாயங்காலம், செகண்ட் ஷோ ராத்திரி. வெளியூர்க்காரர் ஃபர்ஸ்ட் ஷோவைக் காலையில் தொடங்கும் முதல் காட்சி என்றே எடுத்துக்கொள்வார். மேட்னியில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் மதியக் காட்சிதான். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சொல் காலை என்று பொருள்படும் பிரெஞ்சு மத்தேன் என்பதிலிருந்து வந்தது. ஆக, சொல்லை இடம் மாற்றி வைப்பது நாம் மட்டும் செய்கிற காரியம் இல்லை.

படத்துக்குள் வருவோம். வகுப்பில் நான் அதிகம் திருத்துகிற வாக்கியம் "ஹீ ஆக்டட் ஆஸ் எ போலீஸ்". இதில் இரண்டு கோளாறு. போலீஸ் என்பது ஆங்கிலத்தில் மொத்தத் துறைக்கும் சேர்த்த பன்மைச் சொல், ஒரு ஆளைக் குறிக்காது. ஒருவர் என்றால் போலீஸ் ஆபீசர். அடுத்தது இன்னும் நுட்பம். "ஆக்டட் ஆஸ்" என்றால் அந்த வேலையைத் தற்காலிகமாகப் பார்த்தார் என்று அர்த்தம் வரும், தலைவர் வராத நாளில் துணைத்தலைவர் கூட்டத்தை நடத்துவது மாதிரி. வேடத்தைச் சொல்ல "ப்ளேய்ட்" போதும்: "ஹீ ப்ளேய்ட் எ போலீஸ் ஆபீசர்". நடித்தார் என்றதும் ஆக்ட் என்ற சொல் வாயில் வந்து நிற்கும். அதை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். "ஆக்டட் இன் த ஃபிலிம்" என்னும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம்.

டயலாக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் டயலாக் என்பது படத்தின் மொத்தப் பேச்சு, அல்லது இரண்டு பேர் உரையாடுவது. ஹீரோ திரும்பி நின்று சொல்லும் ஒற்றை வசனத்துக்கு லைன் என்று பெயர். "வாட் எ டயலாக்!" என்பதற்குப் பதில் "வாட் எ லைன்!" என்றால் சட்டென்று புரியும். மேடையில் வசனம் மறந்துபோனாலும் "ஐ ஃபர்காட் மை லைன்ஸ்" தான். பஞ்ச் டயலாக்கை மட்டும் பஞ்ச்லைன் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பஞ்ச்லைன் என்பது ஒரு ஜோக்கின் கடைசியில் சிரிப்பை வெடிக்க வைக்கும் வரி. நம் ஹீரோ வில்லன் முன்னால் கால் மேல் கால் போட்டுச் சொன்னதை ஜோக் என்று சொன்னதாகிவிடும், ரசிகர் மன்றத்துக்காரர் காதில் விழுந்தால் நான் பொறுப்பில்லை. படத்துக்குப் படம் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்ச்ஃபிரேஸ் என்னலாம். இயக்குநர்கள் தயாரிப்பாளரிடம் சொல்லும் ஒன்லைனுக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் ஒன்-லைனர் என்றால் ஒரே வரி நகைச்சுவை. கதைச் சுருக்கத்தை லாக்லைன் என்பார்கள்.

கிளைமாக்ஸ் என்பதை நாம் முடிவு என்றே பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அது கதை உச்சத்தைத் தொடும் இடம். அதற்குப் பிறகும் கதை கொஞ்சம் இறங்கி நடக்கலாம். படம் முடிந்த விதம் பிடிக்கவில்லை என்றால் "ஐ டிட்ன்ட் லைக் த எண்டிங்" என்பதே சரி. "சஸ்பென்ஸைச் சொல்லிடாதப்பா" என்பதையும் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. சஸ்பென்ஸ் என்பது அங்கே மனத்தின் படபடப்பு, அதை எப்படிச் சொல்லிவிட முடியும்? "டோன்ட் கிவ் அவே த ட்விஸ்ட்" என்று கெஞ்ச வேண்டும். டைட்டில் போடுவதற்குள் போய்விட வேண்டும் என்று பைக்கை முறுக்குகிறோமே, அந்த டைட்டில் அங்கே ஓப்பனிங் கிரெடிட்ஸ். டைட்டில் என்றால் படத்தின் பெயர் மட்டும்தான்.

வேலைப் பெயர்களை வேகமாகக் கடந்துவிடலாம். மியூசிக் டைரக்டர் அங்கே கம்போஸர். டான்ஸ் மாஸ்டர் கோரியோகிராஃபர், ஃபைட் மாஸ்டர் ஸ்டன்ட் கோஆர்டினேட்டர், சைட் ஆக்டர் சப்போர்ட்டிங் ஆக்டர். நாம் ரீ-ரிக்கார்டிங் என்பது பின்னணி இசை. ஆங்கிலத்தில் அதற்கு ஸ்கோர் என்று பெயர். ரீ-ரிக்கார்டிங் என்று அங்கே சொன்னால் பேச்சு, இசை, சத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் வேலை என்று புரிந்துகொள்வார்கள்.

மாஸ் படம் என்பதற்கு நேர்ச் சொல் கிடையாது. க்ரவுட்-ப்ளீஸர் ஓரளவு பக்கத்தில் வரும். "சண்டே ஐ வென்ட் ஃபார் எ மாஸ்" என்றால் கீழவாசல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சீன் போடாதே என்பதை "டோன்ட் புட் சீன்" என்று ஒரு பையன் சொல்லக் கேட்டேன். "டோன்ட் ஷோ ஆஃப்" என்பதுதான் அவன் தேடியது. படம் போரடித்தது என்று சொல்ல "ஐ வாஸ் போரிங்" என்றால் நீங்களே அறுவை என்று ஒப்புக்கொண்டதாகும். "போர்ட்" என்று முடியுங்கள்.

எழுதும்போது ஒரு எழுத்து உயிரை வாங்கும். படத்தில் நடித்த எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் காஸ்ட் என்ற சொல்லும், சாதியைக் குறிக்கும் காஸ்ட் என்ற சொல்லும் உச்சரிப்பில் ஒன்று. சாதிக்கு மட்டும் கடைசியில் ஓர் ஈ எழுத்து கூடுதல். கல்லூரி நாடகத்துக்கு அழைப்பிதழ் அடித்த என் மாணவர்கள் நடிகர் பட்டியலுக்கு மேலே அந்த ஈயைச் சேர்த்துவிட்டார்கள். தலைப்பில் சாதி, கீழே பன்னிரண்டு பேர் பெயர். அச்சுக்குப் போகும் முன்னால் பார்த்ததால் தப்பித்தோம்.

நாடகம் என்றதும் டிராமா என்று எழுதுவதும் வழக்கம். பார்க்கப் போவது ஒரு நாடகம் என்றால் "எ ப்ளே". டிராமா என்பது மொத்தமாக அந்தக் கலைக்கோ, ஒரு வகைப் படத்துக்கோ சொல்வது. ஆனால் கம்பெனி என்ற சொல்லைத் தப்பு என்று நினைத்து ஃபர்ம் என்று சிலர் மாற்றுகிறார்கள், அதுதான் தப்பு. நாடகக் குழுவை ஆங்கிலத்திலும் கம்பெனி என்றே சொல்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து பாலசபா தொடங்கினார், எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நடித்தார். இங்கிலாந்திலும் சேக்ஸ்பியர் காலத்தில் சிறுவர்கள் மட்டுமே நடித்த கம்பெனிகள் இருந்தன. இந்த ஒரு சொல்லைக் கூச்சமே இல்லாமல் எழுதலாம்.

பார்ட் என்ற சொல்லும் அப்படியே செல்லும். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்கிறோமே, அந்த பார்ட் ஆங்கிலத்திலும் வேடம்தான். ஸ்பெஷல் என்பதற்குத்தான் விளக்கம் தேவைப்படும்: ஒரே குழுவாக இல்லாமல் அந்த ஒரு ராத்திரிக்கென்று ஊர் ஊராக ஆட்களைத் தனித்தனியே பேசி வரவழைத்து விடிய விடிய நடத்துவதால் அந்தப் பெயர்.

இதில் பெரிய பள்ளம் பபூன். நாடகக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, வெளிநாட்டிலிருந்து வரும் ஆராய்ச்சியாளரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள எழுதி வந்திருந்தாள். முதல் வரியே "மை ஃபாதர் இஸ் எ பஃபூன்". ஸ்பெஷல் நாடகம் பார்க்கிறவர்களுக்கு பபூன் எவ்வளவு பெரிய கலைஞன் என்று தெரியும். தனியாளாக வந்து மொத்தக் கூட்டத்தையும் கையில் எடுக்கிறவன். இன்றைய ஆங்கிலத்தில் அது வசவு. கோமாளித்தனம் பண்ணும் முட்டாள் என்று பொருள். பெற்ற அப்பாவை அப்படி எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்?

"அப்ப காமெடியன்னு போட்ருவோமா சார்?" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. பபூன் என்ற வேடத்தின் பெயரை அப்படியே விட்டு, ஸ்பெஷல் நாடகத்தில் நகைச்சுவை வேடம் கட்டும் நடிகர் என்று ஒரு வரி சேர்த்தோம். "மை ஃபாதர் இஸ் அன் ஆக்டர். ஹீ ப்ளேஸ் த பபூன்" என்று தொடங்கியது கடைசி வடிவம்.

அழைத்துப் போக வந்த அவள் அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப ராஜபார்ட்டுக்கு இங்கிலீஷ்ல என்னங்கய்யா?" என்றார்.

"லீட்னு சொல்வாங்கண்ணே."

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.