குடுவைச் செடி: பெயர் பிழைத்தால் செடி பிழைக்காது

அரிய குடுவைச் செடி ஒன்றைப் பெரும்பணம் கொடுத்து வாங்குகிறோம். அது சித்திரையைத் தாண்டாமல் கருகிப்போனதும் தண்ணீர் குறைந்துவிட்டதா, வெயில் கூடிவிட்டதா என்று விசாரணை தொடங்குகிறது. பெரும்பாலான தோட்டங்களில் தவறு அதற்கு வெகுமுன்பே, செடியை வாங்கிய அன்றே நடந்து முடிந்திருக்கும். பூச்சியைக் குடுவையில் விழவைத்துச் செரிக்கும் இந்தச் செடிகளின் பேரினம் நெபந்தஸ். அதில் 170-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. கடல்மட்டத்துச் சதுப்பில் வளர்வதும் அதில் உண்டு. 2,000 மீட்டருக்கு மேல் மேகத்துக்குள் வளர்வதும் உண்டு. கையில் இருப்பது எது என்று தெரியாமல் நிழலையும் நீரையும் பற்றிப் பேசிப் பயனில்லை.

முதலில் அது குடுவைச் செடிதானா என்று பாருங்கள். ஆடுதின்னாப்பாலையின் பேரினத்தைச் சேர்ந்த அழகுக்கொடிகள் சிலவற்றில் பை போன்ற பெரிய பூக்கள் தொங்கும். அவற்றைப் பார்த்துவிட்டுப் பூச்சியுண்ணும் செடி என்று சாதிப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பூ பூச்சியைச் சிறிது நேரம் அடைத்துவைத்து, மகரந்தத்தைப் பூசி வெளியே விட்டுவிடும், தின்பதில்லை. நெபந்தஸில் குடுவை என்பது பூ அல்ல, இலையின் நீட்சி. இலைநுனியிலிருந்து பற்றுக்கம்பி நீண்டு, அதன் முனையில் குடுவை உருவாகும். பற்றுக்கம்பியே இல்லாமல் மண்ணிலிருந்து நேராகக் குழல் போல எழுந்து நின்றால் அது வட அமெரிக்காவின் சாரசீனியாவாக இருக்கலாம். அதற்குக் குளிர்காலத்தில் உண்மையான குளிரும் உறக்கமும் வேண்டும். பல்லடத்து மார்கழி அதற்குப் போதாது.

இனத்தைக் கண்டுபிடிக்க ஒற்றைக் குடுவையின் படத்தை நம்புவது அடுத்த தவறு. ஒரே செடி இரண்டு விதமான குடுவைகளைக் காய்க்கும். தரைக்கு அருகில் வரும் கீழ்க்குடுவைகள் பருத்து, முன்பக்கம் இரண்டு இறக்கைகளோடு இருக்கும். பற்றுக்கம்பி முன்புறம் வந்து சேரும். கொடி உயர்ந்த பிறகு வரும் மேல்குடுவைகள் ஒல்லியாகப் புனல் போல இருக்கும். இறக்கைகள் சுருங்கிப்போகும், பற்றுக்கம்பி பின்புறமாக இணையும். நிறமும் மாறும். இரண்டையும் பார்த்தவர் அவை வெவ்வேறு இனங்கள் என்று சத்தியம் செய்வார். எனவே கீழ்க்குடுவை, மேல்குடுவை, மூடியின் அடிப்பகுதி, விளிம்பின் வரிகள், இலை தண்டோடு சேரும் விதம், தண்டின் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைப்பேசிச் செயலிகள் நெபந்தஸ் என்பதுவரை சரியாகச் சொல்லும். அதற்கு மேல் சொல்வதை நான் நம்புவதில்லை.

சில இனங்களுக்கு மட்டும் அடையாளம் எளிது. மூடிக்கு அடியில் இரண்டு கோரைப்பற்கள் நீட்டிக்கொண்டிருந்தால் பைகால்கராட்டா. மூடி பின்னால் மடங்கி, உருண்டைக் குடுவைகள் தரையில் கூட்டமாக வாய்திறந்து கிடந்தால் ஆம்புலேரியா. பூச்சியோடு, மேலிருந்து விழும் சருகுகளிலிருந்தும் சத்தை எடுத்துக்கொள்ளும் விசித்திரப் பிறவி அது. நர்சரிகளில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி வென்ட்ராட்டா, மிராண்டா போன்ற கலப்பினங்கள். அவை மட்டமான செடிகள் அல்ல. கொங்குநாட்டுச் சமவெளியில் முதன்முதலாக வளர்ப்பவருக்கு வென்ட்ராட்டாவைவிடப் பொறுமையான செடி கிடையாது. அதையே அரிய காட்டினம் என்று பத்து மடங்கு விலைக்கு விற்பதுதான் மோசடி.

காட்டிலிருந்து எடுத்தது என்ற பேச்சும் அப்படித்தான். ஆனைமலையிலோ கொல்லிமலையிலோ நெபந்தஸ் இயற்கையாக வளர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் இல்லை. நம் மலைகளின் பூச்சியுண்ணிகள் ட்ரோசீராவும் யூட்ரிகுலேரியாவும்தான். இலங்கையின் ஈரக்காடுகளில் டிஸ்டிலடோரியா என்ற நெபந்தஸ் இனம் இருக்கிறது, மடகாஸ்கரிலும் செஷல்ஸிலும்கூட நெபந்தஸ் இருக்கிறது, நம் பக்கம் மட்டும் இல்லை. இந்தியாவில் உள்ள ஒரே இனம் காசியானா; மேகாலயாவின் காசி, காரோ, ஜெயந்தியா மலைகளுக்கு உரியது. அழியும் ஆபத்தில் இருப்பதால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. காட்டிலிருந்து பறிப்பது குற்றம். உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும்கூடச் சட்டச் சிக்கல். காசியானாவும் போர்னியோவின் ராஜா என்ற இனமும் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கின்றன. மற்ற நெபந்தஸ்கள் இரண்டாம் பட்டியலில். செடி எங்கே பெருக்கப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். மழுப்பினால் வாங்காமல் திரும்புங்கள்.

விதை விஷயத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். நீல நிறக் குடுவை, கறுப்புக் குடுவை என்று படம் போட்டு உருண்டையான விதைகளை அனுப்புகிறார்கள். நெபந்தஸ் விதை மயிரிழை போல மெலிந்தது, ஊதினால் பறக்கும். அதுவும் பறித்த புதிதில்தான் நன்றாக முளைக்கும். முளைத்தாலும் கை அகலச் செடியாக ஆண்டுகள் ஆகும்.

இரவை மறப்பது

மலைவகைச் செடிகளை நிழலில் வைத்தால் போதும் என்று சொல்லி விற்கிறார்கள். அவற்றுக்கு நிழலைவிட முக்கியம் இரவுக் குளிர். சுமார் 1,000 மீட்டருக்கு மேல் வளரும் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரவில் 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்தாக வேண்டும். இரவும் வெக்கையாக இருந்தால், பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி சுவாசத்திலேயே செலவழித்துவிடும். உடனே சாகாது. ஒவ்வொரு புது இலையும் முந்தையதைவிடச் சிறிதாக வரும், குடுவை வருவது நின்றுபோகும், பிறகு ஒருநாள் தண்டு கறுத்திருக்கும். அதற்குள் வளர்ப்பவர் உரத்தை மாற்றி, தொட்டியை மாற்றி, இடத்தை மாற்றி எல்லாம் பார்த்திருப்பார்.

ராஜா இனம் போர்னியோவில் உள்ள மலேசியாவின் சபா மாநிலத்தின் கினபாலு, தம்புயுகோன் என்ற இரண்டு மலைகளில் மட்டும், ஏறக்குறைய 1,500 முதல் 2,650 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. கோவை நகரம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். கோடை இரவில் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே பெரும்பாடு. குளிரூட்டிய பெட்டி இல்லாமல் இங்கே ராஜாவை வளர்க்கிறேன் என்பது வீம்பு. ஏற்காட்டிலோ கோத்தகிரியிலோ வீடு இருப்பவர்கள் தாராளமாக மலைவகைகளை முயலலாம். உதகையில் உறைபனி விழும் இரவுகளில் மட்டும் செடியை உள்ளே எடுத்துவைக்க வேண்டும். உறைபனியை நெபந்தஸ் தாங்காது.

சமவெளிக்காரர்களுக்குத் தாழ்நில வகைகள்தான் ஏற்றவை: மிராபிலிஸ், ராஃப்லீசியானா, கிராசிலிஸ், ஆம்புலேரியா. வெப்பம் இவற்றுக்குப் பொருட்டல்ல. கொங்குநாட்டில் இவற்றை வாட்டுவது வறட்சி. பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் காற்றில் ஈரம் வற்றிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இலைகளை அலைக்கழிக்கும். பற்றுக்கம்பியின் முனையில் குடுவை அரிசியளவு மொட்டாக வந்து காய்ந்துபோனால் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். அதற்காகச் செடியை பாலித்தீன் உறைக்குள் மூடி வெயிலில் வைத்தால் வெந்துவிடும். சுவரின் கிழக்குப் பக்கம், மேற்கே ஒரு தடுப்பு, மேலே ஐம்பது சதவீத நிழல்வலை, சுற்றிலும் இலையடர்ந்த மற்றத் தொட்டிகள். இந்த ஏற்பாட்டில் பொள்ளாச்சிப் பக்கம் செடிகள் நன்றாகவே வளரும். இருட்டான வரவேற்பறையில் வைத்துவிட்டுக் குடுவை வரவில்லை என்று குறைப்படவும் கூடாது. நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் வெறும் இலைதான் வரும்.

தண்ணீர், உரம், தொட்டி

போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரின் உப்பு தென்னையையே சோதிப்பது. நெபந்தஸின் வேர் சத்தில்லாத மண்ணுக்குப் பழகிய மெல்லிய கறுப்பு வேர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை உப்பு இருந்தால் நல்லது, 100 வரை சமாளிக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அரிய செடி வாங்கும் முன் அதை வாங்குங்கள். மழைநீர் முதல் தரம், ஐப்பசி மழையை மூடிய டிரம்மில் பிடித்துவைக்கலாம். ஆர்.ஓ. தண்ணீர் ஆகும். ஆனால் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் இயந்திரங்கள் உண்டு என்பதால் அதையும் அளந்து பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் தெருக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களும் குளோரின் போக ஓர் இரவு திறந்துவைத்துவிட்டு ஊற்றலாம்.

செம்மண், மணல், தொழு உரம் என்ற நம் வழக்கமான கலவை இந்தச் செடிக்கு விஷம். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் மலைமலையாகக் கிடைக்கும் தென்னை நார்த்தூள் கைகொடுக்கும், ஆனால் கழுவாமல் பயன்படுத்துவது தவறு. அதில் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் ஏராளம். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீரை மீட்டர் குறைவாகக் காட்டும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அதோடு பெர்லைட் என்ற எடை குறைந்த வெண்கல் துகளும் கரித்துண்டும் சேர்த்தால் வேருக்குக் காற்றோட்டம் கிடைக்கும். கட்டுபடியானால் ஸ்பாக்னம் பாசி நல்லது. தொட்டி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீரில் நிற்கக் கூடாது. அடித்தட்டில் தேங்கும் தண்ணீர் வேரை அழுகவைக்கும், டெங்குக் கொசுவையும் வளர்க்கும். கொசுவுக்குப் பயந்து குடுவையில் இருப்பதைக் கொட்டிவிடுகிறார்கள். அது செரிமான நீர். கவிழ்க்க வேண்டியது அடித்தட்டைத்தான்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், டி.ஏ.பி. எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. கறிவேப்பிலைக்கு ஊற்றும்போது கை பழக்கத்தில் இதற்கும் ஒரு குவளை ஊற்றிவிடுவதுதான் நடக்கிறது. குடுவைக்குள் கோழித்துண்டும் பாலும் சோறும் போடுபவர்களும் இருக்கிறார்கள். அழுகி நாறும், குடுவையும் சாகும். வெளியே வைத்த செடிக்கு எறும்பும் ஈயும் தாமாக வந்து விழும். பழைய குடுவை மேலிருந்து காய்ந்துவருவது இயல்பு. காய்ந்த பகுதியை மட்டும் நறுக்குங்கள், இலை பச்சையாக இருக்கும்வரை விட்டுவையுங்கள்.

கடைசியாக, விதை எடுக்கும் ஆசையில் ஒரே கடையில் இரண்டு தொட்டி வாங்குபவர்களுக்கு: நெபந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூத்தால்தான் தெரியும். திசு வளர்ப்பில் ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கியவை அத்தனையும் ஒரே பாலாக இருக்கும். எனவே இரண்டாவது செடியை வேறோர் இடத்திலிருந்து, வேறொரு மூலத்திலிருந்து வாங்குங்கள். இல்லையென்றால் விதையை மறந்துவிட்டு, மழைக்காலத்தில் கொடியை வெட்டித் துண்டாக நட்டுப் பெருக்குங்கள்.