மருந்து வாங்கும் முன்: நன்னீர் மீன் குளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடிந்ததும் குளக்கரைக்குப் போனால் பெரிய கட்லாக்கள் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. முந்தின நாள் மாலைவரை தீவனத்தை முண்டியடித்துத் தின்ற மீன்கள். உடம்பில் புண் இல்லை, செதில் உதிரவில்லை. உடனே ஒரு மீனைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். கடையில் ஒரு கிருமிநாசினியும் ஆன்டிபயாடிக்கும் கிடைக்கின்றன. அன்றே அவை குளத்தில் கரைகின்றன. மறுநாள் காலையில் சாவு இன்னும் கூடுகிறது.

பெரும்பாலும் அது நோயே அல்ல, மூச்சுத் திணறல். பகலில் பாசி ஆக்சிஜனை உண்டாக்குகிறது. இரவில் அதே பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதைச் செலவழித்துவிடுகின்றன. அதனால் நாளிலேயே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலை ஒட்டிய நேரம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் பகலிலும் போதிய உற்பத்தி இராது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 2, 1 என்று இறங்கும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இதை நோயிலிருந்து பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை. ஆக்சிஜன் குறைவில் சாவு ஒரே இரவில் மொத்தமாக வரும். பெரிய மீன் முதலில் போகும், குஞ்சுகள் தப்பும். கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் செத்துக்கிடக்கும் அதே குளத்தில், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் விரால் ஒன்றும் ஆகாமல் திரியும். வெயில் ஏறியதும் மிச்ச மீன்கள் கீழே இறங்கிவிடும். நோய்ச் சாவு அப்படி இல்லை. முதல் நாள் இரண்டு, அடுத்த நாள் ஐந்து என்று ஏறும். தீவனம் குறைவது அதற்கும் முன்பே தெரியும்.

மூச்சுத் திணறும் குளத்தில் மயில்துத்தம் போன்ற பாசிக்கொல்லியைப் போட்டால் பாசி செத்து அழுகும். அழுகல் எஞ்சிய ஆக்சிஜனையும் தின்றுவிடும். அங்கே வேண்டியது காற்றூட்டி. அது இல்லையென்றால் குளத்து நீரையே மோட்டாரால் இறைத்து உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடலாம். தீவனத்தை அன்று அடியோடு நிறுத்த வேண்டும். வழக்கமான நாட்களிலும் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். கையை நீரில் இறக்குங்கள். முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை கண்ணுக்கு மறைந்துவிட்டால், அது பாசியின் பச்சையாகவும் இருந்தால், தீவனத்தையும் உரத்தையும் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

அடுத்த பெரிய தவறு கணக்கில் நடக்கிறது. “ஏக்கருக்கு எவ்வளவு?” என்று கேட்கிறார்கள். மருந்து கலப்பது நிலப்பரப்பில் அல்ல, நீரின் கொள்ளளவில். ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்றால் அந்தக் குளத்துக்கு 8 கிலோ. கோடையில் அதே குளத்தில் நீர் அரை மீட்டராக இறங்கியிருக்கும்போது அதே 8 கிலோவைப் போட்டால் மீனுக்குக் கிடைப்பது இரட்டை அளவு. குறிகோலை நட்டு நாலைந்து இடத்தில் ஆழம் அளந்து சராசரி எடுக்காமல் எந்த மருந்தையும் பிரிக்காதீர்கள். இதில் நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன். நோயைவிட மருந்தே அதிக மீனைக் கொன்ற குளங்கள் உண்டு.

சுண்ணாம்பு நல்லதுதான். காலிக் குளத்தைத் தயார்செய்ய ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ போடுவது வழக்கம். ஆனால் மீன் இருக்கும் குளத்தில், நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏற்கெனவே ஏறி நிற்கும் பிற்பகலில், சுட்ட சுண்ணாம்பை வாரி இறைப்பது ஆபத்து. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சுத்தன்மை பி.எச். அளவைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. பி.எச். 9 ஆனால் ஏறக்குறைய 45 பங்கு அப்படி மாறிவிடும். செவுள் வெந்து மீன் சாகும், பழி ஏதோ ஒரு கிருமியின் மேல் விழும்.

குஞ்சு விடும்போதும் இதே கதைதான். களை மீன்களை ஒழிக்க ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போடுகிறோம். அதன் நச்சு தணிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டுப் பத்தாம் நாளே குஞ்சு விட்டுவிட்டுப் பொரிப்பகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. கூண்டு வலையில் பத்துப் பதினைந்து குஞ்சுகளை ஒரு நாள் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். குஞ்சுப் பையைக் குளத்தில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்த பிறகே திறக்க வேண்டும்.

இனி உண்மையான நோய்களுக்கு வருவோம். மழைக்காலத்தின் கடைசியில், நீர் குளிரும்போது வருவது கொள்ளைப்புண் நோய். 1988-இல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டிப் பிறகு நாடு முழுவதும் பரவியது. இதற்குக் காரணம் அபனோமைசிஸ் இன்வடான்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நீர்வாழ் உயிரி. அதன் நுண்வித்துகள் நீரிலேயே நீந்தி வருகின்றன. முதலில் அடிபடுவது வாய்க்காலில் திரியும் விரால், குறவை, சிறு கெண்டைகள். உங்கள் குளத்துக்கு வரும் வாய்க்காலில் செம்புண்ணோடு மீன் தென்பட்டால், அன்றே மதகை அடைத்துவிடுங்கள். ஆனால் பலர் நேர்மாறாக, “புதுத் தண்ணீர் விட்டால் தெளியும்” என்று திறந்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் குறைவுக்கு மருந்தாகும் புது நீர், இந்த நோய்க்கு வாகனமாகிறது. காரணம் தெரியாமல் வைத்தியம் செய்யக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். புவனேஸ்வரத்தின் மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் இதற்கென உருவாக்கிய சீஃபாக்ஸ் மருந்து உண்டு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் அளவு. புண் ஆழமாகி எலும்பு தெரியும்வரை காத்திருந்துவிட்டு அதைப் போட்டு என்ன பயன்?

மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒட்டுண்ணியான மீன் பேனுக்கு ஒரு முறை மருந்து அடித்துவிட்டு “போய்விட்டது” என்று நிம்மதியாக இருப்பது இன்னொரு தவறு. மருந்து பேனைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. பேன் தன் முட்டைகளைக் கல், மூங்கில், முளைக்குச்சி போன்ற கடினமான பொருள்களில் வரிசையாக ஒட்டிவைக்கும். ஆகவே குளத்தில் மூங்கில் கழிகளை நட்டுவைத்து, வாரம் ஒருமுறை பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி நடுங்கள். செலவில்லாத வழி. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். கட்லாவின் இயற்கை உணவான விலங்கு மிதவை உயிரிகள் அதில் முதலில் அழியும்.

ஆன்டிபயாடிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பாக்டீரியாவுக்கு மட்டுமே. பேனுக்கோ வைரசுக்கோ மேலே சொன்ன புண் நோய்க்கோ வேலை செய்யாது. தீவனத்தில் கலந்தால் பசியற்ற நோயாளி மீன் அதைத் தொடாது, நலமாக இருப்பதுதான் தின்னும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை உணவு மீனுக்குத் தடைசெய்யப்பட்டவை. அந்த மீனைச் சாப்பிடப்போவது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம்.

செத்த மீனைக் கரையில் எறிவதும், நோய் வந்த குளத்து நீரை வடிகாலில் திறந்துவிடுவதும் கீழ்மடைக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் தள்ளிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வாடகை இழுவலையும் அப்படித்தான். நேற்று எந்தக் குளத்தில் இறங்கியதோ தெரியாது; ஈரத்தோடு வந்த வலையை இறக்கவிடாமல், வெயிலில் முழுக்கக் காய்ந்த பிறகு இறக்கச் சொல்லுங்கள்.

சோதனைக்கு எடுத்துப்போகும்போது அழுகிய மீனைக் கொண்டுபோகாதீர்கள். செத்துச் சில மணி நேரம் ஆன உடலில் வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடும், எது நோய்க்கிருமி என்று சொல்ல முடியாது. தளர்ந்து, ஆனால் உயிரோடிருக்கும் மீன்களை ஆக்சிஜன் நிரப்பிய பையில் போட்டு, குளத்து நீரைத் தனி பாட்டிலில் எடுத்து, அருகிலுள்ள மீன்வளக் கல்லூரிக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோங்கள். சாவு எப்போது தொடங்கியது, கடைசியாக மழை எப்போது, தீவனம் எவ்வளவு குறைந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏதாவது மருந்து போட்டிருந்தால் அதன் பெயரையும் அளவையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்களால் சரியான முடிவு தர முடியாது.